கூண்டுக்குள் யார் முதலில் போனது?

"தலைமைக் குணம் ரத்தத்திலேயே வரணும்." திண்ணையில் கேட்டுச் சலித்த இந்தப் பேச்சு இப்போது ஆராய்ச்சிக்கூட உடுப்பைப் போட்டுக்கொண்டு யூடியூபில் உலவுகிறது. ஆண்களில் ‘ஆல்ஃபா’ என்று ஒரு ரகம் உண்டாம். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தூக்கலாக இருக்குமாம். ஓநாயைப் பார், குரங்கைப் பார், சிங்கி இறாலைக்கூடப் பார், எல்லாவற்றிலும் மேல் கீழ் உண்டு. ஆகவே மனிதரிலும் மேலே இருப்பவர் இயற்கையே பொறுக்கி எடுத்து மேலே வைத்தவர் என்று வாதம் முடிகிறது. இதன் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. யார் மேலே, யார் கீழே என்று மூளை ஓயாமல் கணக்குப் போடுகிறது, அதற்கான நரம்புப் பாதைகளும் உண்டு. அந்தப் பாதி உண்மையைக் காட்டி மீதிப் பாதியைப் பேச்சோடு பேச்சாக உள்ளே தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. மேலே இருப்பவரின் உடம்பு வேறு மாதிரி இருக்கிறது, சரி. அந்த உடம்பு இருந்ததால் மேலே போனாரா, மேலே போனதால் அந்த உடம்பு வந்ததா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் சொல்லப்படும் எதையும் நம்புவதற்கில்லை.

ஓநாய்க் கதையை முதலில் முடித்துவிடலாம். 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலை ஓநாய்களை வைத்து எழுதிய ஆய்வுதான் ‘ஆல்ஃபா’ பேச்சுக்கு விதை. அடைத்து வைத்த இடத்தில் தலைமைக்கு நடந்த சண்டையை அவர் விவரித்தார். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மெக், பின்னால் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து பார்த்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான், ‘ஆல்ஃபா’ என்று சொல்லப்பட்டவை அந்தக் குட்டிகளின் அப்பாவும் அம்மாவும் என்று 1999இல் எழுதித் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். திருத்தம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. வீடியோக்கள் இன்னும் 1947இல்தான் நிற்கின்றன.

மூளை போடும் கணக்கு

பத்து மாதக் குழந்தைக்கே மேல் கீழ் பற்றி ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. லாட்டே தாம்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனை இது. கண்ணும் வாயும் வைத்த ஒரு பெரிய கட்டையும் ஒரு சின்னக் கட்டையும் எதிரெதிரே வந்து நடுவில் முட்டிக்கொள்கின்றன. சின்னது குனிந்து ஒதுங்கினால் குழந்தை சாதாரணமாகப் பார்க்கிறது. பெரியது சின்னதுக்கு வழி விட்டால் நெடுநேரம் உற்றுப் பார்க்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே இது நடக்கிறது.

பெரியவர்களிடம் 2008இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கரோலைன் ஸிங்க் குழுவினர் செய்தது இன்னும் கூர்மையானது. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஒரு சின்ன விளையாட்டு, பணமும் உண்டு. பக்கத்தில் வேறு ஆட்டக்காரரின் படமும் அவருக்கு எத்தனை நட்சத்திரம் என்பதும் தெரியும். அந்த ஆட்டக்காரரால் உங்களுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. அப்படியிருந்தும் தன்னைவிட மேலானவர் படம் வந்தால் மூளையில் பரிசையும் மதிப்பையும் கவனிக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி சுறுசுறுப்பாகிறது. தரவரிசை ஆட்டத்தின் நடுவே மாறலாம் என்று ஆக்கியதும் அச்சத்தோடும் பிறர் மனதை ஊகிப்பதோடும் தொடர்புள்ள பகுதிகளும் சேர்ந்துகொள்கின்றன. கீழே இருப்பது ஒரு பளு. எந்த நேரமும் இறங்கிவிடலாம் என்று இருப்பது வேறொரு பளு.

எலியில் இதன் கம்பியையே தொட்டுப் பார்த்துவிட்டார்கள். சீனாவில் ஹாங்ஜோவின் ஜேஜியாங் பல்கலைக்கழகத்தில் ஹைலான் ஹூவின் ஆய்வகம் பயன்படுத்தும் கருவி மிக எளியது: 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. உள்விட்டம் கொண்ட கண்ணாடி போன்ற குழாய். இரு முனையிலும் ஒவ்வொரு எலி, நடுவில் சந்திக்கும், ஒன்று மற்றதைப் பின்னால் தள்ளி வெளியேற்ற வேண்டும். விட்டம் கூடினால் எலி உள்ளேயே திரும்பிவிடும், அல்லது ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும், சோதனை கெட்டது. கூண்டுக்கு நான்கு எலி என்றால் ஆறு ஜோடி. எல்லா ஜோடியையும் தினமும் மோதவிட்டு, நான்கு நாள் வரிசை மாறாமல் நின்றால்தான் அதைத் தரவரிசை என்று ஒத்துக்கொள்கிறார்கள். பிறகு தோற்கும் எலியின் முன்மூளையில் ஒரு பகுதியை ஒளியிழை வழியாகத் தூண்டினார்கள். அந்த நொடியே அது தள்ளத் தொடங்கியது, எதிராளி தள்ளும்போது ஊன்றி நின்றது. உடம்பு வலு கூடவில்லை, விடாப்பிடி கூடியது.

இதோடு நின்றிருந்தால் ‘பார், மூளைதான் தலைவனை உண்டாக்குகிறது’ என்பவர்களுக்கு இது நல்ல தீனி. 2017இல் வந்த அடுத்த முடிவு அதைப் புரட்டிப் போட்டது. செயற்கையாகத் தூண்டி ஆறு முறைக்கு மேல் ஜெயிக்க வைத்த எலிகள், மறுநாள் தூண்டுதலே இல்லாமல் அதே உயர்ந்த இடத்தில் நின்றன. ஐந்துக்கும் குறைவாக ஜெயித்தவை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டன. திரும்பத் திரும்ப ஜெயித்ததால், மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்ற பகுதியிலிருந்து முன்மூளைக்கு வரும் இணைப்பே தடித்திருந்தது. குழாயில் கிடைத்த அந்தத் தெம்பு வேறு இடத்துக்கும் வந்தது: குளிர்ந்த தரையில் ஒரே ஓர் எலிக்கு மட்டும் போதுமான சூடான மூலை வைத்தால், அங்கேயும் போய் அவையே உட்கார்ந்தன. வெற்றி மூளையை மாற்றுகிறது, மாறிய மூளை அடுத்த வெற்றியைச் சுலபமாக்குகிறது. முதல் ஆறு வெற்றியை யார் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள் என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

அட்லாண்டாவின் நாற்பத்தைந்து குரங்குகள்

எலியில் உள்ளதை மனிதருக்குச் சொல்ல முடியாது என்பவர்கள் குரங்குக்கு வரலாம். இந்த விவாதம் முழுவதற்கும் ஒரே ஓர் ஆய்வைத்தான் படிக்க நேரம் என்றால் இதைத்தான் கைகாட்டுவேன்.

ரீசஸ் குரங்குகளில் பெண்ணின் இடம் தாயிடமிருந்து வருகிறது. உயர்ந்த தாயின் மகள், பிறந்த நாளிலிருந்து உயர்ந்தவள். இதனால் காட்டில் ஓர் உயர்ந்த குரங்கையும் தாழ்ந்த குரங்கையும் பக்கத்தில் வைத்து ரத்தத்தை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. மரபணு வேறு, தாயின் கருப்பை வேறு, குட்டியாக இருந்தபோது பட்ட அடியும் கிடைத்த அரவணைப்பும் வேறு. எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். மனிதரில் பணக்காரக் குழந்தையையும் ஏழைக் குழந்தையையும் ஒப்பிடும்போது வரும் அதே சிக்கல்தான்.

ஜென்னி டங், நோவா ஸ்னைடர்-மேக்லர், லூயி பாரேரோ முதலானவர்கள் இந்தச் சிக்கலை அறுத்த விதம் அழகானது. அமெரிக்காவின் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தின் யெர்கீஸ் ஆய்வு மையத்தில், முன்பின் பழகாத, உறவில்லாத 45 பெண் குரங்குகளை ஒன்பது குழுக்களாக, குழுவுக்கு ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் உள்ளே விடவில்லை, ஒவ்வொன்றாக விட்டார்கள். முதலில் போனது மேலே. கடைசியில் போனது அடியில். ஏற்கெனவே உள்ளே இருப்பவை கூட்டுச் சேர்ந்திருக்கும். புதிதாக வருவது அந்தக் கூட்டுக்குப் பணிந்துதான் நுழைய முடியும். அவ்வளவுதான் காரணம். உடல் பருமன், துணிச்சல், பரம்பரை எதையும் கேட்காமல், கதவு திறந்த வரிசையே அந்தஸ்தாகிவிட்டது. யார் யாரைக் கண்டு ஒதுங்குகிறார், யார் யாரை விரட்டுகிறார் என்று குறித்து, சதுரங்க வீரர்களுக்குப் போடும் எலோ மதிப்பெண்ணையே குரங்குகளுக்கும் போட்டு வரிசையைச் சரிபார்த்தார்கள். சாப்பாடு எல்லோருக்கும் வேண்டிய அளவு. கீழே இருந்தவை அதிகம் விரட்டப்பட்டன, அவற்றுக்குப் பேன் பார்த்துவிட ஆள் குறைவு.

பிறகு ரத்தத்தை எடுத்து நோயெதிர்ப்பு அணுக்களை வகைவகையாகப் பிரித்து, எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். பிரித்து அளப்பது முக்கியம். முழு ரத்தத்தை அப்படியே அளந்தால் அணுக்களின் விகிதம் மாறியதா, அணுவுக்குள் நடப்பது மாறியதா என்று தெரியாது. இடத்துக்குத் தக்க மாறுதல், இயல்புக் கொல்லி அணுக்களில் மிகத் துலக்கமாகவும், உதவி டி அணுக்களில் அதற்கு அடுத்தபடியாகவும் தெரிந்தது. அணுக்களைப் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளோடு சேர்த்துவைத்துப் பார்த்தபோது, கீழ்நிலைக் குரங்கின் அணுக்கள் அழற்சி மரபணுக்களை முடுக்கின. மேல்நிலைக் குரங்கின் அணுக்கள் வைரஸ் எதிர்ப்புப் பக்கம் சாய்ந்தன. அடிபடும், காயம் படும், தயாராக இரு என்று உடம்பு முன்கூட்டியே கட்டளை பெற்றதைப் போன்ற ஏற்பாடு அது. காயம் பட்டால் உதவும். படாமலே வருடக்கணக்கில் நீடித்தால் ரத்தக் குழாய்ச் சுவரைத்தான் அரிக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் திருப்பம். சுமார் ஒரு வருடம் கழித்துக் குழுக்களைக் கலைத்தார்கள். பழைய குழுக்களில் ஒரே இடத்தில், அல்லது அடுத்தடுத்த இடத்தில் இருந்தவற்றை ஒரே கூண்டில் சேர்த்து, மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள். உச்சியில் இருந்தவை மட்டும் கூடினால் அவற்றில் யாராவது அடிக்குப் போயே ஆக வேண்டும். அடியில் இருந்தவை கூடினால் ஒன்று உச்சிக்கு வந்தே தீரும். மரபணு அதே, வளர்ந்த விதம் அதே, குரங்கும் அதே. ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால் மரபணுச் செயல்பாடு புது இடத்தைப் பின்தொடர்ந்து போயிருந்தது. 2016இல் இது வெளியானது. இதற்கு முன்னோடியாக 2012இல் வந்த ஆய்விலேயே, ரத்தத்தில் மரபணுக்கள் இயங்கும் விதத்தை மட்டும் பார்த்து ஒரு குரங்கு மேலா, நடுவா, கீழா என்று நூற்றுக்கு எண்பது தடவை சரியாகச் சொல்ல முடிந்தது. ரத்தத்தில் அந்தஸ்து தெரிகிறது என்பது உண்மைதான். அதை அங்கே கொண்டுபோய் எழுதியது கதவு திறந்த வரிசை.

உமிழ்நீரில் தெரிவது

மனிதரைக் கூண்டில் விட்டு வரிசை போட முடியாது. ஆனால் ஒருவரைப் பதினைந்து நிமிடத்தில் ‘கீழே’ இறக்கிக் காட்ட ஒரு முறை உண்டு. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பவும் குழுவினர் 1993இல் வகுத்தது. சில நிமிடம் தயாரிப்பு. பிறகு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு தேர்வுக் குழுவின் முன் நின்று, இந்த வேலைக்கு நான்தான் பொருத்தம் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். முடிந்ததும் 1022இலிருந்து 13 13ஆகக் கழித்துக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். தப்பினால் ‘தவறு, 1022இலிருந்து தொடங்குங்கள்’ என்பார்கள். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறி, சோதனை முடிந்து பத்திருபது நிமிடத்தில் உமிழ்நீரில் உச்சம் தொடும். உமிழ்நீரை எடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். விழித்த அரைமணி முக்கால்மணி நேரத்தில் கார்டிசால் தானாகவே எகிறும், நள்ளிரவில் அடிமட்டத்தில் இருக்கும். ஆகவே காலையில் ஒருவருக்கும் மாலையில் ஒருவருக்கும் எடுத்து ஒப்பிட்டால் அளந்தது கடிகாரத்தைத்தான். சாப்பிட்ட கையோடு எடுத்தாலும், ஈறில் ரத்தக் கசிவு இருந்தாலும் மதிப்பு பொய்யாகும்.

சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் இது போன்ற 208 ஆய்வுகளை 2004இல் ஒன்றுசேர்த்து அலசினார்கள். கடினமான வேலை என்பதால் மட்டும் கார்டிசால் பெரிதாக ஏறவில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், முடிவும் நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேரும் இடத்தில்தான் மிக அதிகமாக ஏறியது, இறங்கவும் மிக அதிக நேரம் பிடித்தது. நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு உடம்பில் இருக்கும் காரணம் இது.

இதை வாழ்நாள் முழுக்க நீட்டினால் என்ன ஆகும் என்பதை லண்டன் அரசு அலுவலகங்கள் காட்டின. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு 40 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம், யாரும் பட்டினி இல்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது. அதைவிட என்னைப் பாதிப்பது படிக்கட்டு வடிவம்: ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே ஒரே பள்ளம் என்றில்லாமல், உச்சிக்கு அடுத்த படியில் நல்ல சம்பளத்தோடு இருப்பவரே உச்சியில் இருப்பவரைவிட மோசம். 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், 10,308 ஆண் பெண் ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் குழுவினர் தேடியபோது, வேலையில் தன் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் எவ்வளவு என்பது அந்த வித்தியாசத்தின் கணிசமான பகுதியை விளக்கியது. எதை முதலில் செய்வது, எப்போது இடைவேளை, எப்படிச் செய்வது என்பவற்றில் ஒருவருக்குச் சொல்லுரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

மேலே இருந்தால் எப்போதும் நலம் என்றும் இல்லை. கென்யாவின் அம்போசெலியில் 125 ஆண் பபூன்களை ஒன்பது ஆண்டு கவனித்த ஆய்வு 2011இல் வந்தது. முதலிடத்தில் இருந்தவற்றின் அழுத்த ஹார்மோன், இரண்டாம் இடத்தில் இருந்தவற்றைவிட வெகுவாக அதிகம், அடிமட்டத்தோடு ஒப்பிடத்தக்கது. வரிசை நிலையாக இருந்தாலும் ஆட்டம் கண்டாலும் உச்சி சுட்டது.

டெஸ்டோஸ்டிரோன் பற்றி ஒரு வார்த்தை

மூளையில் செய்தி கடத்தும் செரோடோனினுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அந்தஸ்தில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. மைக்கேல் மெக்வயரும் மைக்கேல் ராலேயும் வெர்வெட் குரங்குக் குழுக்களில் தலைவனை அப்புறப்படுத்திவிட்டு, மீதி இரு ஆண்களில் ஒன்றுக்குச் செரோடோனினைக் கூட்டும் மருந்து கொடுத்தபோது அதுவே தலைமைக்கு வந்தது. 1991இல் வெளியான முடிவு. ஆனால் வந்த வழியைப் பாருங்கள். சண்டை போட்டு வரவில்லை. பெண் குரங்குகளோடு நெருங்கி உட்கார்ந்து, பேன் பார்த்து, அவற்றின் ஆதரவைப் பெற்று வந்தது. வீடியோக்களில் மார்தட்டும் ‘ஆல்ஃபா’வுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் சூரிச்சில் நடந்து 2010இல் வெளியான சோதனை போதும். பெண்களுக்கு நாக்கின் கீழ் 0.5 மில்லிகிராம் ஹார்மோன் அல்லது வெறும் போலி மருந்து. நான்கு மணி நேரம் கழித்து, இன்னொருவரோடு பணத்தைப் பங்குபோடும் ஆட்டம். நிஜ ஹார்மோன் பெற்றவர்கள் கூடுதல் நியாயமாகப் பங்கு கொடுத்தார்கள். தாங்கள் ஹார்மோன் பெற்றதாக நம்பியவர்கள், உண்மையில் எது பெற்றிருந்தாலும், குறைவாகக் கொடுத்தார்கள். நியாயமற்ற பங்கை எதிராளி மறுத்துவிட்டால் அவமானம் என்ற இடத்தில், மானத்தைக் காக்கும் வழியாக நியாயத்தை ஹார்மோன் தேடியது. அடாவடியைத் தேடியது அந்த ஹார்மோனைப் பற்றிய கதை. இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் ஹார்மோன் மாறும் என்று 2010இல் 42 பேரை வைத்துச் சொன்னதும் இதே வகைக் கதைதான். 2015இல் 200 பேரை வைத்துச் செய்தபோது ஹார்மோனில் ஒரு மாற்றமும் இல்லை. நேர்முகத் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் இதை இன்னும் சொல்லிக்கொடுப்பது வருத்தமாக இருக்கிறது.

பெயரை உரக்கப் படிப்பது

அட்லாண்டா ஆய்வின் தொடர்ச்சி 2020இல் வந்தது. உடம்பு புது இடத்தைப் பின்தொடர்ந்தாலும், பழைய இடத்தின் தடம் சில மரபணுக்களில் மிஞ்சியிருக்கிறது என்று அது காட்டியது. ஆக, ‘இடத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்றும் சும்மா இருந்துவிட முடியாது. எந்த வயதில், எத்தனை நாள் கீழே வைக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது.

நம் நாட்டுக்கு வந்தால் அந்த வயது பள்ளிக்கூட வயது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடம், புதிருக்கு ஒரு ரூபாய். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது, மேல் எனப்பட்ட சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமம். இன்னொரு தொகுதிப் பையன்களிடம் ஒரே ஒரு மாற்றம்: தொடங்கும் முன் ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னும் படித்தார்கள், பையன் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. அங்கே யாரும் ரத்தமோ உமிழ்நீரோ எடுக்கவில்லை. ஆனால் ட்ரியர் சோதனையின் இரண்டு பொருளும் அந்த அறையில் இருந்தன: பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள், தன்னால் மாற்ற முடியாத தீர்ப்பு. இதை வைத்துக்கொண்டு அந்தப் பையன்களின் மூளையைப் பற்றித் தீர்ப்பு சொல்பவர், உரக்கப் படித்தவரைப் பார்க்காமல் விடுகிறார்.

நாங்குநேரியில் 2023இல் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் இருந்தன. அரசியல் கட்சிகள் அதன் வேறு பகுதிகளைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. எனக்கு இந்த மூன்றும் மருத்துவப் பரிந்துரைகளாகவே படுகின்றன. உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தச் சாதிப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் சொல்லும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. படிவத்தை ஒவ்வொரு பிள்ளையையும் தலைமையாசிரியர் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம், பெற்றோரின் கைபேசிக்கே செய்தி அனுப்பலாம். இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடியது இது. நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.